ராசி எங்கே இருக்கிறது?

'கைராசி' என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் நான்கு மருத்துவர்கள் இருந்தாலும், கைராசிக்காரர் எனப் பெயர் பெற்றவரின் வாசலில்தான் கூட்டம் நிற்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்களில், காலையில் முதல் போணி யார் கையால் நடக்கிறது என்பதைக் கவனிக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 'பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்' என்ற பழமொழியைச் சொல்லாத வீடு இல்லை. நன்மை நன்மையை இழுத்து வரும், தீமை தீமையை இழுத்து வரும் என்பது நம் மக்களிடம் ஆழ வேரூன்றிய நம்பிக்கை.

இங்கே 'ராசி' என்று நாம் சொல்வது சோதிடர் கூறும் மேஷம், ரிஷபம் முதலிய பன்னிரண்டை அன்று. ஒருவனுக்கு வெற்றியோ தோல்வியோ வரிசையாக வரும்போது, அந்த வரிசையையே ஓர் ஆற்றலாக எண்ணி நாம் இடும் பெயரைக் குறிக்கிறோம். ஒரு வெற்றி அடுத்த வெற்றிக்கு உண்மையிலேயே காரணமாகிறதா? ஒரு தோல்வி அடுத்த தோல்வியைப் பெற்றெடுக்கிறதா? ஆம் எனில், அந்த ஆற்றல் எங்கே தங்கியிருக்கிறது? தர்க்க நூல் பயின்றவர் எந்தக் குணத்தைப் பற்றியும் முதலில் கேட்பது இதுதான்: இதன் ஆசிரயம் எது? இது எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது?

வாழ்க்கையை வைத்து இதை ஆராய்வது கடினம். வாழ்வின் வெற்றி தோல்விகளை எவரும் ஒழுங்காகக் குறித்து வைப்பதில்லை. நினைவில் நின்றவற்றை மட்டுமே சொல்கிறோம். விளையாட்டில் ஒவ்வொரு செயலும் நாளோடும் எண்ணோடும் பதிவாகிறது. ஆகவே கிரிக்கெட்டைத் துணைக்கு அழைக்கிறோம். துறவிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். இந்நகரில் வசிப்பவர் எவரும், ஆசிரமத்தில் இருந்தாலும்கூட, சஞ்சு சாம்சன் நேற்று எத்தனை ரன் எடுத்தார் என்பதை அறியாமல் இருந்துவிட முடியாது. கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

பதினான்கு எண்கள்

சஞ்சு சாம்சன் 1994 நவம்பர் 11 அன்று, விழிஞத்தை அடுத்த புல்லுவிளை என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். 2015 ஜூலையில் ஹராரேயில் இந்திய அணிக்காக முதல் இருபது ஓவர் ஆட்டத்தை ஆடினார். அடுத்த வாய்ப்பு வந்தது 2020 ஜனவரியில். இடையே நான்கரை ஆண்டுகள். அவர் வரலாறு முழுவதும் நமக்குத் தேவையில்லை. 2024 ஜூலை இறுதி முதல் 2025 பிப்ரவரித் தொடக்கம் வரை, இந்தியாவுக்காக ஆடிய இருபது ஓவர் ஆட்டங்களில் அவர் எடுத்த ரன்களை மட்டும் வரிசையாக எழுதுவோம்:

0, 0, 29, 10, 111, 107, 0, 0, 109, 26, 5, 3, 1, 16.

முதல் இரண்டு பூஜ்யங்களும் இலங்கையின் பல்லெகெலேயில் எடுத்தவை. அடுத்த மூன்றும் வங்கதேசத்துக்கு எதிரானவை. அவற்றில் 111 ரன்கள் அக்டோபர் 12 அன்று ஹைதராபாத்தில் 47 பந்துகளில் வந்தவை. அங்கே ஒரே ஓவரில் ஐந்து சிக்ஸர்கள் அடித்தார். 107 நவம்பர் 8 அன்று டர்பனில். அதன்பின் இரு நாட்கள் கழித்து ஒரு பூஜ்யம், மேலும் மூன்று நாட்கள் கழித்து இன்னொரு பூஜ்யம். இரண்டு முறையும் மார்கோ யான்சனின் பந்தில் ஸ்டம்பு விழுந்தது. நவம்பர் 15 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. ஒரே ஆண்டில் மூன்று சர்வதேச இருபது ஓவர் சதங்களை அடித்த முதல் வீரர் என்ற பெருமை அன்று அவருக்குக் கிட்டியது. கடைசி ஐந்து எண்களும் இங்கிலாந்துக்கு எதிரானவை.

இந்த ஆறு மாதங்களில் இந்நகரத்தார் பேசியதை நினைத்துப் பார்ப்போம். மலையாளிகள் ராசியைச் 'சமயம்' என்பார்கள். டர்பனுக்கு மறுநாள், 'சஞ்சுவுக்கு நல்ல சமயம் பிறந்துவிட்டது' என்றார்கள். அடுத்து வந்தது பூஜ்யம். இரண்டாவது பூஜ்யத்துக்குப் பின், 'சமயம் மோசம்' என்றார்கள். அடுத்து வந்தது 109. 'இனி இவரைத் தடுப்பவர் இல்லை' என்றார்கள்; 26, 5, 3, 1, 16 என்று ஆயிற்று. ராசியை நம்பி முன்கூட்டிச் சொன்னவர், முக்கியமான திருப்பம் ஒவ்வொன்றிலும் தவறினார். ஆயினும் எவரும் தம் நம்பிக்கையைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. ராசி மாறிவிட்டது என்று சொன்னால் போதுமே! எது நடந்தாலும் அதை விளக்கிவிடும் ஒரு கொள்கை, உண்மையில் எதையும் விளக்கவில்லை.

நாணயம் சொல்லும் கணக்கு

இக்கேள்வியை மேலைநாட்டு உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். கூடைப்பந்து ஆட்டக்காரர் தொடர்ந்து சில பந்துகளை வளையத்துக்குள் போட்டுவிட்டால், 'அவருடைய கை சூடாகிவிட்டது' என்று அமெரிக்கர் சொல்வதுண்டு. நம் கைராசிக்கு இது உடன்பிறப்பு. 1985-இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகிய மூவரும் ஃபிலடெல்ஃபியா அணியின் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். முந்தைய பந்துகள் உள்ளே விழுந்ததால் அடுத்த பந்தும் உள்ளே விழும் வாய்ப்பு கூடியதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. சூடான கை என்பது பார்ப்பவரின் மயக்கம் என்று அவர்கள் முடிவு கூறினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அறிஞருலகம் இதை ஏற்றுக்கொண்டிருந்தது.

2018-இல் ஜோஷுவா மில்லர், ஆடம் சான்ஹூர்ஹோ என்ற இரு பொருளியலாளர்கள் அக்கணக்கில் ஒளிந்திருந்த ஒரு நுட்பத்தை வெளிப்படுத்தினார்கள். அதை வாசகர் தாளும் பேனாவும் கொண்டு தாமே சோதிக்கலாம். ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு விதமான வரிசைகள் வரக்கூடும். ஒவ்வொரு வரிசையிலும், தலை விழுந்த உடனே அடுத்த முறையும் தலை விழுந்த விகிதம் என்ன என்று பாருங்கள். முதல் இரண்டு சுண்டல்களில் தலையே விழாத இரு வரிசைகளை விட்டுவிடுங்கள். மீதி ஆறு வரிசைகளின் விகிதங்களுக்குச் சராசரி எடுத்தால் பாதி வரும் என்றே எவரும் நினைப்போம். வருவதோ பன்னிரண்டில் ஐந்து பங்கு, பாதிக்கும் குறைவு. அதாவது, சிறிய பதிவுகளை இப்படி அளந்தால், ராசியே இல்லாத நாணயம்கூட ராசிக்கு எதிராகச் சாய்ந்திருப்பது போலத் தோன்றும். இந்தச் சாய்வைத் திருத்திப் பார்த்தபோது, பழைய பதிவுகளிலேயே சூடான கைக்கு ஓரளவு சான்று இருந்தது.

ஆக, பாமரர் நம்பியது முழு உண்மையும் அன்று, அறிஞர் மறுத்தது முழு உண்மையும் அன்று.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. அங்கே ஓர் அணி ஓராண்டில் 162 ஆட்டங்கள் ஆடும். பெரும்பாலான நாட்களில் ஆட்டம் உண்டு. ஒரு நாணயத்தை 162 முறை சுண்டினாலே தலையோ பூவோ தொடர்ந்து ஆறேழு முறை விழுவது வியப்பன்று. எனவே சிறிய வரிசைகளுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நீண்டவை வேறு. 2017-இல் கிளீவ்லாந்து அணி தொடர்ந்து 22 ஆட்டங்களில் வென்றது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி தொடர்ந்து 21 ஆட்டங்களில் தோற்று, அவ்வாண்டு மொத்தம் 121 தோல்விகளைச் சந்தித்தது. முதல் அணி வலிமையானது, இரண்டாவது மிக மெலிந்தது. வலிமையும் மெலிவும் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செயல்பட்டன. நேற்றைய முடிவு இன்றைய முடிவை உண்டாக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலும், அங்கே ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர் நாள்தோறும் மாறுவார்; நேற்று வென்றுதந்த கை இன்று ஓய்வில் இருக்கும். நேற்றைய வெற்றியின் வேகத்தைச் சுமந்துவர ஆளே இல்லை! 22 வெற்றிகளைக் கண்ட அந்தக் கிளீவ்லாந்து, அவ்வாண்டின் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்ததும் முதல் தொடரிலேயே தோற்று வெளியேறியது. 2023-ஆம் ஆண்டுக் கதையை நம் நாட்டவருக்கு நினைவூட்ட வேண்டுமா? உலகக் கோப்பையில் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் வென்ற இந்திய அணி, முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றுத் தொடங்கிய ஆஸ்திரேலியாவிடம் நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் தோற்றது.

எண் எப்போது பிறக்கிறது?

இனி நம் நாட்டுத் தத்துவ அறிஞரிடம் வருவோம். அன்னம்பட்டரின் 'தர்க்க சங்கிரகம்' நியாய வைசேஷிகம் பயில்வோரின் முதல் பாடநூல். அதில் கூறப்படும் இருபத்து நான்கு குணங்களில் 'சம்ஸ்காரம்' ஒன்று. அது மூவகைப்படும். முதலாவது வேகம், எறிந்த அம்பு, கையை விட்டுப் பிரிந்த பின்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அது. இரண்டாவது பாவனை, அனுபவத்தில் பிறந்து, பிற்பாடு நினைவை எழுப்புவது. மூன்றாவது ஸ்திதிஸ்தாபகம், வளைத்த கிளையை விட்டவுடன் மீண்டும் நிமிரச் செய்வது. பந்தின் ஓட்டத்தையும் மனத்தின் பதிவையும் ஒரே சொல்லின் கீழ் வைத்த அந்த அறிஞர்களின் துணிவை எண்ணி வியக்கலாம். அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. வேகம் நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கில் மட்டுமன்றி மனத்திலும் உண்டு என்பது அவர்கள் கொள்கை. 'மனவேகம்' என்று இன்றைய உளவியலார் பேசுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு வரையறை!

வைசேஷிகர் எண்களைப் பற்றிச் சொன்னது இங்கே இன்னும் பயன்படும். 'ஒன்று' என்ற எண் ஒவ்வொரு பொருளிலும் தானாகவே உண்டு. 'இரண்டு', 'மூன்று' முதலியவை அப்படியல்ல. 'இது ஒன்று, இது ஒன்று' என்று சேர்த்துப் பார்க்கும் ஓர் அறிவு எழும்போதே இரண்டு என்னும் எண் பிறக்கிறது. அந்த அறிவு மறைந்தால் அதுவும் மறைகிறது. அவ்வறிவுக்கு அவர்கள் இட்ட பெயர் அபேட்சா புத்தி. முதன்முதலாகப் படிக்கும்போது இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றும். வகுப்பில் நாங்களும் சிரித்திருக்கிறோம்.

ஆனால், தொடர்ந்து வந்த இரண்டு பூஜ்யங்களை இக்கண்ணோடு பாருங்கள். நவம்பர் 10-ஆம் தேதிப் பூஜ்யம் ஒன்று. 13-ஆம் தேதிப் பூஜ்யம் ஒன்று. வேறு நகரம், வேறு ஆடுகளம், வேறு பந்து. ஜோகன்னஸ்பர்க்கில் அவரை நோக்கி வந்த பந்துக்கு, முன்னைய பந்துகளைப் பற்றி எதுவும் தெரியாது. ஆடுகளத்துக்கும் தெரியாது. 'இரண்டு' பிறந்தது எங்கே? எண்ணியவரின் அறிவில். தொடர் என்பது ஓர் எண். எண்ணுபவர் இல்லாவிட்டால் தொடர் இல்லை.

இதனால் தொடர் பொய்யாகிவிடுமா? இல்லை. இங்கேதான் பாவனை வருகிறது. எண்ணி முடித்தவுடன் அந்த எண் மறையலாம். அது விட்டுச்சென்ற பதிவு மறைவதில்லை. இரண்டு பூஜ்யங்களை எண்ணிய மட்டையாளர், அடுத்த பந்தை வெறும் பந்தாகப் பார்ப்பதில்லை. மூன்றாவது பூஜ்யமாக மாறக்கூடிய பந்தாகப் பார்க்கிறார். கால் அரை அங்குலம் தாமதமாக நகர்கிறது. எதிரணித் தலைவரும் எண்ணுகிறார். அருகே இன்னொரு தடுப்பாளரை நிறுத்துகிறார். தேர்வுக் குழுவினர் எண்ணுகிறார்கள். மாற்று வீரரின் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். வெளியுலகில் இல்லாத ஒன்று, எண்ணிய மனங்களின் வழியாக வெளியுலகுக்குள் நுழைந்து வேலை செய்கிறது.

பாவனை ஆன்மாவையே பற்றி நிற்கும் குணம் என்பார் நையாயிகர். அத்வைதிகள் இதை ஏற்கமாட்டார்கள். பதிவு அந்தக்கரணத்துக்கு உரியது, ஆன்மா அதற்குச் சாட்சி மட்டுமே என்பார்கள். ஏட்டிலே இது பண்டிதரின் சண்டை போலத் தெரியும். தோற்றவனுக்கு இது மிக முக்கியம். பதிவு அவனுடைய சொரூபத்திலேயே ஒட்டியது என்றால், அவன் தோல்விக்காரன், அவ்வளவுதான். அது மனத்தில் உள்ளது என்றால், 'இதோ பயம் எழுகிறது' என்று அதைப் பார்க்க ஓர் இடம் அவனுக்கு மிஞ்சுகிறது. மொழிபெயர்ப்பில் 'சாட்சி' என்ற சொல் வரும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை வாசகருக்கு எப்படி உணர்த்துவது என்று தயங்கியிருக்கிறேன். களத்தில் மட்டையோடு நிற்பவனை எண்ணிக்கொண்டால் ஓரளவு எளிதாகிறது.

எண்ணிக்கையை உடைத்தவர்கள்

பல்லெகெலேயின் இரண்டு பூஜ்யங்களுக்குப் பின் நடந்ததைச் சஞ்சுவே பிற்பாடு ஒரு நேர்காணலில் கூறினார். நெடுநாளுக்குப் பின் கிடைத்த வாய்ப்பு வீணாயிற்றே என்று அவர் சோர்ந்திருந்தபோது, பயிற்சியாளர் கௌதம் கம்பீர் அதற்கென்ன என்று கேட்டிருக்கிறார். இருபத்தொரு பூஜ்யங்கள் எடுத்தால்தான் அணியிலிருந்து நீக்குவேன் என்றாராம். அதேபோல் அணித்தலைவர் சூர்யகுமார் யாதவ், வரவிருக்கும் ஏழு ஆட்டங்களிலும் தொடக்க ஆட்டக்காரர் நீயே என்று முன்கூட்டியே உறுதி கொடுத்திருந்தார்.

இது வெறும் தட்டிக்கொடுத்தல் அன்று. 'பூஜ்யத்தை மறந்துவிடு' என்று சொன்னால் மனம் அதையே நினைக்கும். இருபத்தொன்று என்ற எண் நகைச்சுவைக்காகச் சொன்னதாகவே இருக்கலாம். ஆயினும் அதன் முன் இரண்டு என்பது சிறுத்துப்போகிறது. ஏழு என்ற உறுதியோ இன்னும் நேரடியாக வேலை செய்தது. அந்த ஏழு எண்களைப் பாருங்கள்: 29, 10, 111, 107, 0, 0, 109. இவற்றை ஏழாக எண்ணினால், நடுவில் இரண்டு பூஜ்யங்கள் உள்ள அருமையான பருவம். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் புதிதாக எண்ணத் தொடங்கியிருந்தால், 29-க்கும் 10-க்கும் பிறகே அவர் வெளியே அமர்ந்திருக்கக்கூடும், 111 பிறந்திருக்காது. எங்கே எண்ணத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் கையில் பிறருடைய வாழ்வு இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களும் அலுவலக மேலாளர்களும் இதைச் சிந்திக்கலாம்.

இங்கிலாந்துத் தொடரின் ஐந்து எண்கள் இதிலிருந்து வேறானவை. பெரும்பாலும் வேகப்பந்து வீச்சாளரின் குட்டைப் பந்து, உயர எழும் பந்தை இழுத்து அடித்தல், எல்லைக்குள் ஒரு பிடி. இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. ஆகவே அதை ராசி என்று தள்ளிவிடுவது சோம்பல். அங்கே ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருக்குமிடத்தில் ஆறுதல் தேவையில்லை, ஆராய்ச்சி தேவை. 2003-04 ஆஸ்திரேலியப் பயணத்தில் சச்சின் டெண்டுல்கர் செய்ததை இதனோடு ஒப்பிடலாம். வெளியே செல்லும் பந்தைக் கவர் திசையில் அடிக்க முயன்று ஆட்டமிழந்து வந்த அவர், 2004 ஜனவரியில் சிட்னியில் அந்த அடியையே துறந்தார். அவருக்கு மிகவும் பிடித்த, உலகமே ரசித்த அடி அது. 436 பந்துகளைச் சந்தித்து, ஆட்டமிழக்காமல் 241 ரன்கள் எடுத்தார். துறவு என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது மிகையாகத் தோன்றலாம். பத்து மணி நேரம் ஆடிப் பாருங்கள் என்பேன்.

நான்கு தோல்விகள்

திருவனந்தபுரத்தில் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பயிலும் இளைஞர் ஏராளம். தேர்வு நாளன்று பழவங்காடி கணபதியின் முன் தேங்காய் உடைத்துவிட்டுச் செல்பவர்கள் பலர். எங்கள் நூலகத்தில் அமர்ந்து படிக்கும் ஒருவர் ஒரு மாலையில் வந்து, "சுவாமிஜி, நான்கு முறை தோற்றுவிட்டேன். எனக்கு ராசியில்லை. ஐந்தாவது முறை எழுதுவதில் பயனில்லை" என்றார்.

"தம்பி, நான்கையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றேன்.

முதல் தேர்வுக்கு இரண்டு மாதமே படித்திருந்தார். இரண்டாவதில் கணிதத்தில் மதிப்பெண் போயிற்று. மூன்றாவதில் தேர்ச்சி பெற்று, தரவரிசைப் பட்டியலில் பெயரும் வந்தது. ஆனால் நியமனம் இவருடைய எண்ணை எட்டுமுன் பட்டியலின் காலம் முடிந்துவிட்டது. நான்காவது தேர்வுக்குக் காய்ச்சலால் போகவே இல்லை. அதையும் கணக்கில் சேர்த்திருந்தார்! ஒன்றில் உழைப்புக் குறைவு, ஒன்றில் கணிதம், ஒன்று உண்மையில் வெற்றி, ஒன்று காய்ச்சல். இந்நான்குக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டேன். கேட்டவுடன் அவர் முகம் மலர்ந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "வீட்டில் நான்கு என்றுதான் எண்ணுகிறார்கள் சுவாமிஜி" என்றார்.

அவர் சொன்னது சரியே. தன் மனத்தின் எண்ணிக்கையைச் சாட்சியாக நின்று பார்க்க ஒருவன் பயிலலாம். ஊரார் எண்ணுவதை அவன் என்ன செய்வான்? அதனால்தான் இக்கேள்வி ஆட்டக்காரனின் மனப்பயிற்சியோடு முடிவதில்லை. எண்ணுகிற நம் அனைவருடைய நேர்மையையும் தொடுகிறது.

2025-இல் கேரளம் கண்ட ரஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொள்வோம். பல பதிற்றாண்டுகளாக ஆடிவரும் கேரள அணி அதுவரை இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. பிப்ரவரியில் புனேயில் ஜம்மு காஷ்மீருக்கு எதிரான காலிறுதி. அந்த அணி எடுத்த 280-க்கு எதிராகக் கேரளம் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து 200-இல் நின்றது. கடைசி விக்கெட்டுக்கு சல்மான் நிசாரும் பாசில் தம்பியும் 81 ரன்கள் சேர்த்தார்கள். ஒரே ஒரு ரன் முன்னிலை. ஆட்டம் சமனில் முடிந்ததால் அந்த ஒரு ரன்னே கேரளத்தை அரையிறுதிக்கு அனுப்பியது. அகமதாபாத் அரையிறுதியில் கேரளம் 457. குஜராத் ஒன்பது விக்கெட்டுக்கு 455. பிப்ரவரி 21 அன்று கடைசி மட்டையாளர் நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து, அருகே நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி மேலெழுந்து, ஸ்லிப்பில் நின்ற அணித்தலைவர் சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. இரண்டு ரன் முன்னிலை, இறுதி ஆட்டம். தடுப்பாளரின் தலைக்கவசத்தில் பட்ட பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு என்ற விதி 2017-இல்தான் வந்தது. அதற்கு முன்னர் நிகழ்ந்திருந்தால் அந்த மட்டையாளர் தொடர்ந்து ஆடியிருப்பார். கவசம் ஓர் அங்குலம் தள்ளி இருந்திருந்தால் பந்து எல்லைக்கோட்டைக்கூட எட்டியிருக்கலாம்.

அன்று சச்சின் பேபியை ராசியான தலைவர் என்று புகழாதவர் இல்லை. ஒரு வாரம் கழித்து நாக்பூரில் விதர்பாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் 98 ரன்களில் ஆட்டமிழந்தார். கேரளம் 342-இல் முடிந்தது. விதர்பா எடுத்திருந்தது 379. அந்த 37 ரன்களால் கோப்பை போயிற்று. அதே மனிதர், அதே கைகள். முதல் வெள்ளிக்கிழமை ராசிக்காரர், அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு ரன்னில் சதத்தையும் கோப்பையையும் தவறவிட்டவர். அவருள் இருந்த எது அந்த ஏழு நாட்களில் மாறியது?

ஆட்டக்காரருக்கு அடுத்த பருவம் வரும், புதிதாக எண்ணுவோம். இதே எண்ணிக்கையை வீட்டுக்குள் கொண்டுவரும்போது, அது கொடுமையாகிறது. 'ராசியில்லாதவள்' என்ற சொல்லை நம் குடும்பங்கள் எத்தனை பெண்கள்மீது சுமத்தியிருக்கின்றன! அவள் வந்தபின் நேர்ந்த இழப்புகளை எண்ணுகிறார்கள். அவள் வருமுன் நேர்ந்தவற்றை எண்ணுவதில்லை. வந்தபின் நேர்ந்த நன்மைகளையும் எண்ணுவதில்லை. பெற்றோர் செய்யும் இந்தக் கணக்கை எந்தக் கணக்காசிரியரும் ஏற்கமாட்டார். தெய்வத்தின் பெயரால் ஏற்கச் சொல்கிறோம்.

குமரி மாவட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மருமகள் வந்த ஒன்றரை ஆண்டில் மூன்று பெரிய கஷ்டங்கள் என்றும், பரிகாரம் ஏதேனும் உண்டா என்றும் கேட்டார். ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் நடந்தது என்று வினவினேன். வாடகைக் கடையைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் கடிதம் கொடுத்தது, பெண் பார்க்கும் முன்பே. வங்கியில் பணிபுரியும் மகனுக்கு வடக்கே மாற்றல் வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் வருவது. மூன்றாவது, பெரியவரே குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மகன் ஊரில் இல்லையே, அன்று உங்களை யார் தூக்கினார்கள் என்றேன்.

"மருமகள்தான். தனியாகவே தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இருபது நாள் கூடவே இருந்தாள்" என்றார்.

அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.